சுண்ணாம்பு தடவுன கலயமும் போர்ட் வைனும்

கார்த்திகை பிறந்துட்டுன்னா என் போன் சும்மா இருக்காது. நாசிக்ல ஒரு வைன் கம்பெனி லேப்ல கொஞ்ச வருசம் வேலை பாத்தவன் நானு, பாளையங்கோட்டையில இருக்க சொந்தக்காரங்க பாதி பேருக்கு என்னைய பத்தி அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு, அதுக்கு முன்ன பின்ன என்ன செஞ்சேன்னு ஒருத்தருக்கும் தெரியாது. "ஏல, கிறிஸ்மஸுக்குன்னு பரணியில போட்ட வைன் நுரைச்சிக்கிட்டு கிடக்கு, நல்லதா கெட்டதா?" "மருமகன் வெளிநாட்டுலேர்ந்து ஒரு பாட்டில் கொண்டாந்துருக்காரு, மேல போட்டுருக்க பேர வாசிக்கவே முடியல, இனிக்குமா புளிக்குமா?" இதே கேள்விதான் வருசா வருசம். தனித்தனியா சொல்லி வாய் வலிச்சிட்டு, அதான் ஒரேடியா எழுதிப் போடுதேன். குடிங்கன்னு சொல்லதுக்கு இல்ல வே, என்ன ஏதுன்னு தெரிஞ்சிக்கிடதுக்கு.

வைன பத்தி எழுதுதவங்க எல்லாரும் ரெட்டு, வைட்டு, இளஞ்சிவப்பா இருக்க ரோஸேன்னு ரகம் பிரிச்சுதான் ஆரம்பிப்பாவ. நம்ம ஊர்க்காரனுக்கு அதவிட சுளுவான வழி இருக்கு, பதனி. உடன்குடி சாத்தான்குளம் பக்கம் பனையேறுத அண்ணாச்சிமார பாத்துருப்பீங்க, பாளையச் சீவி கலயத்த கட்டும்போது உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருப்பாவ. சுண்ணாம்பு இருந்தா விடியக்காலம் இறக்குதது பதனி. இல்லன்னா அதே மரம், அதே பாளை, அதே ராத்திரி, ஆனா இறங்குதது கள்ளு. நடுவுல நடந்தது என்னன்னா பாளையிலயும் கலயத்துலயும் ஒட்டிக்கிட்டு இருக்க ஈஸ்ட்ங்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமி, பதனியில உள்ள சர்க்கரையத் தின்னு ஆல்கஹாலாவும் கார்பன் டை ஆக்சைடாவும் மாத்திப் போட்டுட்டு. சுண்ணாம்பு காரம், அந்தக் காரத்துல ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தலையெடுக்க முடியாது, அம்புட்டுதான். (கள்ளுக்கு 1987-லேர்ந்து இங்க தடை, அது பெரிய அரசியல், அதுக்குள்ள நான் போவல.)

திராட்சைக்கும் இதே கதைதான். என்னையக் கேட்டா வைன் செய்யுதவன் எடுக்க முடிவு பெருசா ரெண்டே ரெண்டுதான், தோல எம்புட்டு நேரம் சாறுக்குள்ள போட்டு வைக்கிறது, ஈஸ்ட்ட எப்ப நிறுத்துறது. கடையில அடுக்கி வச்சிருக்க அத்தனை பேரும், அத்தனை கலரும், முக்காவாசி இந்த ரெண்டுலேர்ந்து பிறந்ததுதான்.

முதல்ல நிறுத்துறத பாப்போம், ஏன்னா இதுலதான் ஆளுக்கு ஆள் குழம்புதாவ.

ஒரு லிட்டர் சாறுல ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரைய ஈஸ்ட் தின்னா 1 சதவீதம் ஆல்கஹால் வரும். வைனுக்குன்னு வளக்குத திராட்சைய 22லேர்ந்து 24 பிரிக்ஸ் வரும்போது பறிப்பாவ, பிரிக்ஸ்ங்கிறது 100 கிராம் சாறுல எத்தன கிராம் சர்க்கரைன்னு வச்சிக்கிடுங்க. அத அளக்கதுக்கு ஒரு சின்னக் குழாய் மாதிரி கருவி இருக்கு, ரெஃப்ராக்டோமீட்டர். வெள்ளன தோட்டத்துக்குப் போயி, வேற வேற வரிசையில கொஞ்சம் பழம் பறிச்சு நசுக்கி, ஒரு சொட்ட அது கண்ணாடி மேல விட்டு மூடி, வெளிச்சத்தப் பாத்து ஒத்தக் கண்ணால நோக்குனா நீலமும் வெள்ளையும் சேருத கோடு ஒரு நம்பர்ல நிக்கும். ஆனா அங்க இருக்க பெரிய ஆளுக அந்த நம்பர மட்டும் நம்ப மாட்டாவ, விதைய வாயில போட்டு கடிப்பாவ. பச்சையா வழுவழுன்னு கசந்தா இன்னும் ஆவல. பிரவுன் கலராகி கறுக்குன்னு உடைஞ்சா பழுத்துட்டு. நானும் கடிச்சு கடிச்சு மத்தியானம் சோறு இறங்காம கிடந்துருக்கேன்.

அந்தச் சர்க்கரை மொத்தத்தையும் ஈஸ்ட் தின்னு முடிச்சா கிட்டத்தட்ட 12, 13 சதவீத ஆல்கஹால், இனிப்பு மிச்சமில்ல. இதுதான் ட்ரை. உலகத்துல சாப்பாட்டோட குடிக்க வைன்ல பெரும்பாலும் இதுதான். மருமகன் கொண்டாந்த பாட்டில குடிச்சுட்டு "என்னவே இது, கசாயம் மாதிரி கிடக்கு, கெட்டுப் போச்சா"ன்னு கேட்ட சித்தப்பாவுக்கு இதுதான் பதில், கெடல, சர்க்கரை தீந்து போச்சு.

நடுவுல நிறுத்துனா? பழத்தோட சர்க்கரை பாதி மிஞ்சும், இனிக்கும். நிறுத்துறதுக்கு ஒவ்வொரு ஊர்க்காரனும் ஒவ்வொரு வழி வச்சிருக்கான். போர்ச்சுகல்ல டோரோ ஆத்துப் பள்ளத்தாக்குல பாதி சர்க்கரை போனதுமே திராட்சையில காய்ச்சுன ஸ்பிரிட்ட ஊத்திருவான், அது 77 சதவீதம், ஊத்துன வேகத்துல ஈஸ்ட் செத்துரும், இனிப்பும் நிக்கும் போதையும் ஏறும், 19, 20 சதவீதத்துல வந்து நிக்கும். அதான் போர்ட். இத்தாலியில பீட்மான்ட் பக்கம் மொஸ்காட்டோ தாஸ்தின்னு ஒண்ணு, அத குளுரவச்சு நிறுத்துதாவ, வடிகட்டி ஈஸ்ட்ட எடுத்துருவாவ, ஆல்கஹால் 5 சதவீதம் சொச்சம்தான், லேசா நுரை, நல்ல இனிப்பு, நம்மாளுக்கு முதல் வாயிலயே பிடிக்கும். பிரான்ஸ்ல சோத்தேர்ன் ஊர்ல போட்ரைட்டிஸ்னு ஒரு பூஞ்சக்காளான் பழத்து மேல படர்ந்து தண்ணியெல்லாம் உறிஞ்சிரும், பாக்க அழுகுன மாதிரி அசிங்கமா இருக்கும், ஆனா உள்ள சர்க்கரை அம்புட்டு கெட்டியா ஆயிரும், ஈஸ்ட்டே தின்னு மாளாம விட்டுட்டுப் போயிரும். ஜெர்மனியிலயும் கனடாவுலயும் பழத்த செடியிலயே பனியில உறையவிட்டு, உறைஞ்ச பழத்தப் பிழிவாவ, தண்ணி ஐஸா உள்ளயே தங்கிரும், தேன் மாதிரி கொஞ்சூண்டு சாறு மட்டும் வரும், அது ஐஸ் வைன்.

இன்னொரு வழி, ஆரம்பிக்கவே விடாம நிறுத்துறது. 1869-ல அமெரிக்காவுல தாமஸ் வெல்ச்னு ஒரு பல் டாக்டர், மதுவே கூடாதுங்கிற மெதடிஸ்ட் சபைக்காரரு, சர்ச்சுல திருவிருந்துக்கு போதையில்லாத திராட்சை ரசம் வேணும்னு திராட்சைச் சாற பாட்டில்ல அடைச்சு சுடுதண்ணியில வச்சு ஈஸ்ட்டக் கொன்னுட்டாரு. அதுக்கு கொஞ்ச வருசம் முன்னாடிதான் லூயி பாஸ்டர் நொதிக்க வைக்கிறது ஒரு உசுருள்ள கிருமின்னும், லேசா சூடுபண்ணுனா வைன் கெடாதுன்னும் காமிச்சிருந்தாரு. நம்ம பனையேறிக்கு சுண்ணாம்பு செஞ்ச வேலைய வெல்ச்சுக்கு சூடு செஞ்சுட்டு. சர்ச்சுல ரசமா வைனான்னு சண்டை போடுதவங்க இத தெரிஞ்சு வச்சிக்கிட்டு சண்டை போடலாம். கத்தோலிக்கக் கோயில்ல பூசைக்கு திராட்சையில செஞ்ச கலப்படமில்லாத நெசமான வைன்தான் வேணும், அது அவங்க சட்டத்துலயே இருக்கு.

இப்பம் தோலுக்கு வருவோம். மார்க்கெட்டுல பன்னீர் திராட்சை ஒரு கொத்து வாங்குங்க, ஒண்ண எடுத்து நகத்தால தோல உரிச்சுப் பாருங்க. வெளிய கருநீலம், உள்ள சதை வெளிறுன பச்சை, பிழிஞ்சா வர்ற சாறும் கிட்டத்தட்ட கலரே இல்லாததுதான். விரல்ல ஒட்டுத ஊதாக் கறை மொத்தமும் தோலுலேர்ந்து வந்தது. சதையே சிவப்பா இருக்க ரகமும் ஒண்ணு ரெண்டு உண்டு, அலிகான்தே புஷேன்னு ஒண்ணு, ஆனா அதெல்லாம் விதிவிலக்கு.

அப்பம் கறுப்புத் திராட்சையில வெள்ளை வைன் செய்யலாமான்னு கேட்டா, தாராளமா. பறிச்ச உடனே மெதுவாப் பிழிஞ்சு தோலத் தூக்கிப் போட்டுட்டா வெள்ளைதான். ஷாம்பேன்ங்கிற பிரெஞ்சு நுரை வைன்ல பாதிக்கு மேல பினோ நுவார், மூனியேன்னு கறுப்புத் திராட்சைதான் தெரியுமா. ரோஸேன்னா சில மணி நேரம் மட்டும் தோலோட ஊறவச்சு எடுத்துருவாவ. (ரெட்டையும் வைட்டையும் கலந்தா ரோஸேன்னு ஒரு நெனப்பு நிறைய பேருக்கு இருக்கு. ஷாம்பேன்ல அப்படிச் செய்ய அனுமதி உண்டு, மத்தபடி ஐரோப்பாவுல பொதுவா அது நடக்காது.) வெள்ளைத் திராட்சைய தோலோடயே நொதிக்க விட்டா ஆரஞ்சு வைன், இது இப்பம் ஃபேசன் ஆயிட்டு, ஆனா ஜார்ஜியா நாட்டுல ரொம்ப காலமா அப்படித்தான் செய்யுதாவ. ஆளுயர மண்பானைய கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சு வச்சு, அதுக்குள்ள தோலு விதை காம்போட நொதிக்க விடுவாவ, பேரு க்வெவ்ரி. ஆதிச்சநல்லூர் தாழியப் பாத்தவங்களுக்கு அந்த உருவம் சட்டுன்னு பிடிபடும். அந்த நாட்டுல 8000 வருசத்துக்கு முந்துன பானை ஓட்டுலயே வைனோட தடம் கிடைச்சிருக்கு, யுனெஸ்கோ 2013-ல அந்த முறைய பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு.

ரெட்டுதான் பாக்க அழகு. நசுக்குன பழம் தோலோட தொட்டியில கிடக்கும், நொதிக்க ஆரம்பிச்சதும் கேஸ் கிளம்பி தோல் மொத்தத்தையும் மேல தூக்கிட்டு வந்து ஒரு முழத்துக்கு கெட்டியான மெத்தை மாதிரி நிறுத்திரும், அதுக்கு கேப்னு பேரு. அத அப்படியே விட்டா மேல காஞ்சு புளிச்சுப் போவும், கலரும் இறங்காது, அதனால நாளைக்கு ரெண்டு மூணு தடவ கம்பால குத்தி உள்ள அமுக்கணும், இல்லன்னா கீழ இருக்க சாற பம்பு வச்சு எடுத்து மேல ஊத்தணும். கையில பிடிச்சுப் பாத்தா கதகதன்னு சூடா இருக்கும், யாரும் அடுப்பு வைக்கல, ஈஸ்ட் வேலை செய்யுத சூடு. வாசனை முதல் நாள் பழம், மூணாம் நாள் ரொட்டி மாவு, பொறவு ஒரு மாதிரி காரமா மூக்குல ஏறும். அப்பம் தொட்டிக்குள்ள குனிஞ்சு எட்டிப் பாக்கவே கூடாது, மேல நிக்கிறது கார்பன் டை ஆக்சைடு, உள்ள இறங்குன ஆளுக செத்தே போயிருக்காவ, வைன் செய்யுத ஊர் எல்லாத்துலயும் இந்தச் சாவு உண்டு.

தோலுலேர்ந்து கலர் மட்டும் வரல, துவர்ப்பும் வரும், அது டானின். பால் ஊத்தாத டீய ரொம்ப நேரம் கொதிக்கவிட்டுக் குடிச்சா நாக்குல வரட்டுன்னு பிடிக்குமே, அதே சரக்குதான். ரெட் வைன வருசக்கணக்கா வைக்க முடியுததுக்கு அதுவும் ஒரு காரணம்.

நுரை வைன சுருக்கமா சொல்லிருதேன். ஷாம்பேன் முறையில, ஒரு தடவ நொதிச்ச வைன பாட்டில்ல ஊத்தி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேத்து மூடிருவாவ, உள்ளயே மறுபடி நொதிக்கும், கேஸ் வெளிய போவ வழியில்லாம வைனுக்குள்ளயே கரைஞ்சிரும், உள்ள சாதாரண காத்தழுத்தத்தப் போல 5, 6 மடங்கு அழுத்தம். செத்த ஈஸ்ட்ட பாட்டில தலைகீழா சாய்ச்சு கழுத்துக்கு கொண்டாந்து, கழுத்த மட்டும் உறையவச்சு, மூடியத் திறந்தா கட்டி தன்னால தெறிச்சு விழும். இத்தாலியோட ப்ரொசெக்கோவுல இந்த ரெண்டாவது நொதித்தல பெரிய டாங்கிலயே முடிச்சிருவாவ, அதான் விலை கம்மி.

திராட்சை ரகம் ஆயிரக்கணக்குல இருக்கு, ஆனா வைனுக்கு ஆவுறது அநேகமா எல்லாமே விட்டிஸ் வினிஃபெராங்கிற ஒரே இனம்தான். நாம பழமா திங்கிறதுக்கும் அதுக்கும் வித்தியாசம் என்னன்னா வைன் திராட்சை சின்னது, தோலு தடிமன், விதை உண்டு, இனிப்பு ஜாஸ்தி. பேர் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணவேண்டாம். காபர்னே சோவின்யோன் தெரிஞ்சிக்கிடுங்க, ரெட்டுல அதுதான் பெரிய மனுசன், தடித்தோலு, நல்ல துவர்ப்பு. 1997-ல கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்துல டி.என்.ஏ. பாத்தப்போதான் அது காபர்னே ஃப்ராங்குங்கிற கறுப்புத் திராட்சைக்கும் சோவின்யோன் ப்ளாங்குங்கிற வெள்ளைத் திராட்சைக்கும் பொறந்த பிள்ளைன்னு தெரிஞ்சது, அதுவரைக்கும் பேர்லயே ரெண்டு பேரும் நின்னும் உறுதியா ஒருத்தருக்கும் தெரியல. மெர்லோ அதவிட சாது. பினோ நுவார் தோலு மெல்லிசு, கலரும் வெளிறுனது, வளக்கதுக்குள்ள உசுரு போயிரும்பாவ. எனக்குப் பிடிச்சது சிரா, ஆஸ்திரேலியாக்காரன் ஷிராஸ்ங்கான். அதுல நல்லமிளகு வாசனை அடிக்கும், அது சும்மா கவிதைக்குச் சொல்லதில்ல, ரோட்டன்டோன்னு ஒரு பொருள், மிளகுல இருக்க அதே பொருள், அந்தத் திராட்சைத் தோலுலயும் இருக்கு.

வெள்ளையில சோவின்யோன் ப்ளாங் புல்லு வெட்டுன வாசம், நல்ல புளிப்பு. ரீஸ்லிங் புளிப்பும் லேசான இனிப்பும். ஷார்டனேக்கு தனக்குன்னு பெரிய வாசனை கிடையாது, செய்யுதவன் கைவண்ணம்தான். ஓக் மரப் பீப்பாயில போட்டா வெனிலா வாசம் ஏறும், பிரான்ஸ்ல போர்தோ ஊரு பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும், விலை கூடுததுக்கு அந்தப் பீப்பாயும் ஒரு காரணம். பச்சை ஆப்பிள்ல இருக்க மாலிக் புளிப்ப ஒரு பாக்டீரியா பால்ல உள்ள லாக்டிக் புளிப்பா மாத்திரும், அப்பம் வெண்ணெய் மணம் வரும். ஷார்டனேயில அந்த மணத்த வேணும்னே கூட்டுதவங்களும் உண்டு, எனக்கு அது ஆவாது.

நம்ம நாட்டு விசயம். நாசிக்ல செனின் ப்ளாங், சோவின்யோன் ப்ளாங், ஷிராஸ், காபர்னே எல்லாம் நல்லா வருது. ஐரோப்பாவுல கோடை முடிஞ்சு செப்டம்பர் அக்டோபர்ல பறிப்பாவ, இங்க மழை முடியுற நேரம் செடிய வெட்டிவிட்டு ஜனவரி முதல் மார்ச்சுக்குள்ள பறிக்கோம், ஏன்னா நம்ம குளிர்காலம்தான் பழத்துக்கு ஆவுற காலம், ராத்திரி குளுரும், புளிப்பு இறங்காம நிக்கும். நம்ம பக்கத்துல கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர் திராட்சை இருக்கு, மஸ்கட் ஹாம்பர்க்கும் அதுவும் ஒண்ணுதான், 2023-ல புவிசார் குறியீடு வாங்கிட்டு. அங்க குளிர்காலமே சரியா கிடையாது, செடி தூங்குததே இல்ல, அதான் வருசம் முழுக்க காய்க்கி.

பாளையங்கோட்டையில வீட்டு வீட்டுக்கு கிறிஸ்மஸுக்கு பரணியில போடுதது இந்தப் பன்னீர்லதான். சட்டத்த முதல்லயே சொல்லிருதேன், லைசென்ஸ் இல்லாம வீட்டுல ஆல்கஹால் உள்ள எதையும் செய்யிறது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குத்தம், "ஊரே போடுது"ங்கிறது பதில் ஆவாது. ஆனா ஆச்சிமாருக்கு தெரிஞ்ச வித்தைய பாத்தா ஆச்சரியமா இருக்கும். சர்க்கரை ஏன் போடுதாவ? திங்கிற பழத்துல இனிப்பு பத்தாது, போடாட்டா ஆல்கஹால் ஏறாது, பிரான்ஸ்லயே அத ஷாப்டலைசேஷன்னு பேர் வச்சு செய்யுதாவ, நெப்போலியன்கிட்ட மந்திரியா இருந்த ஷாப்டால் பேரு அது. கோதுமை ஏன்? ஈஸ்ட்டுக்கு தீனி. தினமும் மரக்கரண்டியால கிண்டுதது ஏன்? நான் மேல சொன்ன கேப் அமுக்குத வேலைதான். முட்டை வெள்ளைக்கரு போட்டு தெளிய வைக்கிறது போர்தோவுலயும் உண்டு. பட்டையும் கிராம்பும் மட்டும் நம்ம கைச்சரக்கு, அதுலதான் எனக்கு சண்டை, கிராம்பு வாசத்துல திராட்சை எங்க போச்சுன்னே தெரியாது.

பெரிய ஆபத்து வேற இடத்துல இருக்கு. நொதிச்சு முடியாதத பாட்டில்ல ஊத்தி இறுக்கி மூடிருதாவ, கேஸ் உள்ளயே சேந்து ஒருநாள் வெடிக்கும். அத்தை ஒருத்தி வீட்டுல ராத்திரி வெடிச்சு, அலமாரி, சுவரு, இஸ்திரி போட்டு வச்சிருந்த மாமா வேட்டி எல்லாம் ஊதா. அதேமாதிரி காத்துபட திறந்து போட்டா ஒரு பாக்டீரியா வந்து ஆல்கஹால வினிகர் ஆக்கிரும். கம்பெனில இதுக்கெல்லாம் கந்தக டை ஆக்சைடு கொஞ்சம் சேப்பாவ, லேபிள்ல சல்ஃபைட்னு போட்டுருக்கும்.

மைனி போன மாசம் கேட்டாவ, "தம்பி, ரெட் வைன் குடிச்சா கலர் வருமாமே, மாசமா இருக்கவளுக்கு குடுத்தா பிள்ளை செவப்பா பொறக்குமாமே, ஒரு பாட்டில் வாங்கித் தாங்களேன்"னு. மைனி, தயவுசெஞ்சு குடுத்துராதீங்க. திராட்சைத் தோலுல உள்ள கலர் யாரு தோலுக்கும் ஏறாது, வயித்துல இருக்க பிள்ளைக்கு ஆல்கஹால் சுத்தமா ஆவாது, அது மூளை வளர்ச்சிய பாதிக்கும். தினம் கொஞ்சம் வைன் இதயத்துக்கு நல்லதுங்கிற பேச்சும் அப்படித்தான், 2023-ல உலக சுகாதார நிறுவனமே பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு சொல்லிட்டு. வைன் கம்பெனி சம்பளத்துல சாப்பிட்டவன் சொல்லுதேன், மருந்துன்னு நெனச்சு யாரும் வாங்காதீங்க.

வாங்கி வச்சிருக்கவங்களுக்கு ரெண்டு விசயம். ரெட்ட ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு புஸ்தகத்துல போட்டுருப்பான், அவன் ரூம் 18 டிகிரி, நம்ம ரூம் சித்திரையில 38. அந்தச் சூட்டுல குடிச்சா ஸ்பிரிட் நெடிதான் அடிக்கும், ஃப்ரிட்ஜ்ல அரை மணி நேரம் வச்சு எடுங்க, யாரு சிரிச்சாலும் பரவாயில்ல. சாப்பாட்டுல, காரசாரமான கறிக்கொழம்போட துவர்ப்பு ரெட் சேராது, ஆல்கஹால் காரத்த இன்னும் தூக்கிவிடும், லேசா இனிப்புள்ள செனின், ரீஸ்லிங் பரவாயில்ல. சொதிக்கு ஷார்டனே பொருந்தும்னு நான் சொன்னா சைவப்பிள்ளைமார் வீட்டுல என்னைய உள்ள விடமாட்டாவ, ஆனா தேங்காப்பால் வழவழப்பும் இஞ்சித் துவையலும் அதுக்குன்னே செஞ்சது. அல்வாவோட எந்த வைனும் வேண்டாம். பலகாரத்தவிட வைன் இனிப்பு கூடுதலா இருக்கணும், இல்லன்னா வைன் புளிக்கும், நம்ம அல்வாவ இனிப்புல ஜெயிக்கிற வைன இன்னும் எவனும் செய்யல.

திறந்த பாட்டில மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சா மூணு நாலு நாள் தாங்கும், போர்ட் இன்னும் கொஞ்சம் வாரம் நிக்கும். கார்க் போட்டத படுக்கப் போட்டு வைங்க, கார்க் காஞ்சா காத்து உள்ள போயிரும், திருகு மூடின்னா எப்படி வச்சாலும் சரி. அடுப்புக்கு மேல இருக்க பரண்ல மட்டும் வேண்டாம், ரெண்டு அக்னி நட்சத்திரம் தாண்டுனா உள்ள வெந்து போயிருக்கும். சித்தப்பா அஞ்சு வருசமா அங்கதான் ஒண்ணு வச்சிருக்காரு, பழசாக பழசாக விலை ஏறுமாம், இந்த கிறிஸ்மஸுக்கு திறக்கப் போறாராம், என்னையும் வரச் சொல்லியிருக்காரு.